வாய்விட்டுக் கேட்பவள்

அந்த அக்கா என்னிடம் முதன்முதலாகப் பேசியதே ஒரு வேலை சொல்லித்தான்.

"எம்மா, இந்தக் காலைக் கொஞ்சம் பிடி."

பசுவந்தனை ரோட்டில் ஒரு பிசியோதெரபி நிலையம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறாவது வாரம் அது. அவரை ஆட்டோவிலிருந்து இறக்கி, உள்ளே நடத்திக் கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நானும் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். விழித்துப் பார்த்தால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கடைச் சீருடைச் சேலை, இடுப்பில் இறுக்கிச் செருகிய முந்தி. சக்கர நாற்காலியில் இருந்த தன் கணவரைக் கட்டிலுக்கு மாற்ற வேண்டும். ஒரு காலை நான் தூக்கிக் கொடுக்க வேண்டும். நான் யார், எவர் என்று அவள் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பிடித்தேன். உணர்வில்லாத ஒரு காலுக்கு அவ்வளவு எடை இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் மேல. ஆங். இப்ப இறக்கிரு."

அவ்வளவுதான். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. நான் பெஞ்சுக்குத் திரும்பும்போது, "நாளைக்கும் இதே நேரந்தான வருவ?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனை வேலை பார்த்தாள். கணவர் லாரி ஓட்டியவர். தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிய லாரியின் மேலிருந்து கயிறு கட்டும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போய்விட்டது. ஒரே மகள் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த இடத்தில் இருந்தாள். இவ்வளவும் எனக்குத் தெரியவே ஒரு மாதம் ஆனது. ஏனென்றால் அவள் தன் கதையைச் சொல்லிப் பழகுகிறவள் அல்ல. வேலை சொல்லிப் பழகுகிறவள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு என்ஜினியர் அலுவலகத்தில் வீட்டுப் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போனதும், வேலையை விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பி வந்தேன். யாரையும் எதுவும் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் ஒரு வைராக்கியம். அடுத்த வீட்டில் மிளகாய் அரைக்கிற மிக்ஸியைக்கூட நாங்கள் இரவல் வாங்கியதில்லை. அப்பாவுக்கு அதில் பெருமை உண்டு. எனக்கும் உண்டு.

அப்படிப்பட்ட எனக்கு இந்த அக்காவின் போன் பெரிய தொந்தரவாக இருந்தது.

"எம்மா, எங்க இருக்க? ஒரு சின்ன வேலை."

இப்படித்தான் தொடங்குவாள். மார்க்கெட் பக்கமா போனா நாலு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா. அப்பாவுக்கு மாத்திரை வாங்குத கடையில இந்தச் சீட்டையும் குடுத்துரு. செல்லுல ஒரு ஃபாரம் வந்திருக்கு, என்னன்னு வாசிச்சுச் சொல்லு. நான் வீட்டில் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பேன். இடது தோளில் போனை இடுக்கிக்கொண்டு, "சரிக்கா" என்பேன். வைத்தபிறகு எனக்குள்ளேயே திட்டுவேன். நமக்கே ஆள் இல்லை, இவளுக்கு வேறு நான் ஆளா?

நான் மட்டும் இல்லை. பிசியோதெரபி செய்கிற தம்பியிடம், வீட்டுக்குப் போகிற வழியில் தன் வீட்டில் பிளாஸ்டிக் குடம் ஒன்றை இறக்கிவிடச் சொல்வாள். ஆட்டோக்காரரிடம் மகளுக்குப் பார்சல் போடச் சொல்வாள். ஒருமுறை, கடைக்கு டைல்ஸ் பார்க்க வந்த ஒரு வங்கி மேலாளரிடம், "சார், நீங்க உயரமா இருக்கீங்க, அந்த மேத்தட்டு டப்பாவை எடுத்துக் குடுங்க" என்று சொல்லி எடுக்க வைத்ததைக் கண்ணால் பார்த்தேன். அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

"கூசாம கேப்பா அவ" என்று கடையில் கூட வேலை பார்க்கிற பெண்களே சொல்வார்கள். அதைச் சொல்லிக்கொண்டே அவளுடைய சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி வைப்பார்கள்.

ஒருநாள் நானே கேட்டேன். "எப்படிக்கா கூச்சமில்லாம கேக்குதீங்க?"

அவள் கணவரின் கால் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கூச்சம் இல்லன்னு உன்ட்ட யாரு சொன்னா? கூச்சப்பட்டா அவியள யாரு தூக்குவா?"

பக்கத்தில் நாற்காலியில் இருந்த அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை நான் கவனித்தேன். அவள் கவனித்தாளா, தெரியாது.

அவள் இல்லாமல் அவரோடு நான் ஒரு மதியம் இருந்திருக்கிறேன். கடையில் சரக்கு வந்து இறங்குகிறது, இரண்டு மணி நேரம் அவருக்குத் துணையாக உட்கார முடியுமா என்று கேட்டாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டே வந்துவிடு என்றாள். இரண்டு நோயாளிகளையும் ஒரு அறையில் வைத்துக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில் கரிசல் மண்ணைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு காற்றடித்தால் ஜன்னல் கம்பி முழுக்கத் தூசி. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அப்பாவைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

"என்னைய ஊருக்கே பங்கு வச்சிட்டா பாத்தியளா அண்ணாச்சி."

அப்பாவால் பதில் சொல்ல முடியாது. இடது கையை மட்டும் லேசாக உயர்த்தினார்.

"ஒருத்தன் வந்து தூக்குதான், ஒருத்தன் வந்து சவரம் பண்ணி விடுதான். முந்தாநாள் எவனோ ஒருத்தன், யாருன்னே தெரியல, நகம் வெட்டி விட்டுட்டுப் போறான். ஆம்பளயா லாரி ஓட்டினவன் நான். அவகிட்டச் சொன்னா, சரி அப்ப நான் ஒத்தையில தூக்குதேன், நானும் விழுதேன், ரெண்டு பேரும் கெடப்போம்னு சொல்லுதா."

அவர் அழவில்லை. எனக்குத்தான் அன்று வீட்டுக்கு வந்தும் மனசு ஒரு மாதிரியாக இருந்தது. அவளுடைய அந்தக் கேட்கும் வாய்க்கு அவர்தானே விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. அவள்மேல் கோபம்கூட வந்தது. இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நிலையத்தில் பார்த்தபோது, "போன் எடுக்கல?" என்றாள். "முடியலக்கா" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சில் இருந்தவரைக் காலைப் பிடிக்கச் சொன்னாள். முகம் கோணவில்லை, குத்திப் பேசவில்லை. முடியாது என்று சொன்னவர்களிடம் அவள் அப்படித்தான். அடுத்த வாரம் வழக்கம்போல மறுபடி கேட்பாள்.

எனக்கு வேலை வந்ததும் அவள் கேட்டதால்தான். டைல்ஸ் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் வீடு கட்டுகிறவர்கள். அவர்களிடம், "பிளானை எங்க பிள்ளைட்ட ஒரு வாட்டி காமிச்சுக்கிடுங்களேன்" என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் பிள்ளை என்றால் நான். யாரோ ஒரு புதூர் பக்கத்து விவசாயி ஒரு நாள் சுருட்டிய காகிதத்தோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு எரிச்சல். என்னைக் கேட்காமல் எப்படி அனுப்பலாம்?

போன் போட்டுக் கேட்டேன். "நீ கேக்க மாட்டல்லா. அதான் நான் கேட்டேன்" என்றாள். "அப்படியே அவிய வீட்டுல ஒரு கிழவருக்கு நடக்க முடியாதாம். பாத்ரூம் வாசலை அகலமா போட்டுக் குடு. நாற்காலி நுழையணும்."

கரிசலில் வீடு கட்டுவது லேசு இல்லை. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற மண். மூன்றடி தோண்டிவிட்டு நிறுத்தினால் அடுத்த வருஷமே சுவர் வெடித்துவிடும். அந்த விவசாயியின் காகிதத்தில் அஸ்திவாரம் மூன்றடிதான் இருந்தது. அவரை உட்கார வைத்து விளக்கி, ஆழத்தை மாற்றி, வாசலை அகலமாக்கி வரைந்து கொடுத்தேன். அவர் தன் மச்சானை அனுப்பினார். மச்சான் ஒரு கொத்தனாரை அனுப்பினார். அந்தக் கொத்தனாரோடு இன்றுவரை வேலை செய்கிறேன். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேசையைப் போட்டு வரைவேன். அவர் முனகினால் எழுந்து திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, விட்ட கோட்டிலிருந்து தொடர்வேன். எந்த வேலையும் முழுசாக முடிந்த மாதிரி இராது. தூக்கமும் அப்படித்தான், துண்டு துண்டாக.

அந்த நாட்களில்தான் ஒரு பிற்பகல் அப்பா குளியலறையில் சரிந்தார். விழவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். ஆனால் பிடித்தவள் அவரோடு சேர்ந்து வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். அவரைத் தூக்க முடியவில்லை. நான்கு முறை முயன்றேன். அவர் உடம்பில் துணி இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கத்தினால் அடுத்த வீட்டில் கேட்கும். நான் கத்தவில்லை. அப்பாவை இந்தக் கோலத்தில் யார் பார்ப்பது? ஈரத் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பா நடுங்க ஆரம்பித்துவிட்டார். அப்போதும் நான் யாரையும் கூப்பிடவில்லை.

வாளிக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் அடித்தது. எட்டி எடுத்தேன்.

"எம்மா, எங்க இருக்க? ஒரு சின்ன வேலை."

எனக்கு அழுகைதான் வந்தது.

"என்னட்டி? அப்பாவா?"

"தூக்க முடியலக்கா."

"மூச்சு இருக்குல்லா? அடி பட்டிருக்கா? சரி. ஒரு துண்டை எடுத்து அவிய மேல போர்த்து. வாசக்கதவு தொறந்திருக்கா?"

திறந்திருந்தது. அவள் வரவில்லை. அன்று வீட்டில் வேறு ஆள் இல்லை, கணவரை விட்டுவிட்டு அவளால் வர முடியாது. ஆனால் ஆட்டோக்காரர் வந்தார். அவருக்குப் பின்னாலேயே கடையில் சரக்கு இறக்குகிற ஒருவர் வந்தார். பிசியோதெரபி தம்பி கடைசியாக மூச்சு வாங்க ஓடிவந்து, "நகருங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். மூன்று பேரும் அப்பாவைத் தூக்கித் துடைத்து வேட்டி கட்டிப் படுக்க வைத்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோக்காரர் போகும்போது, "எங்க அய்யாவும் இப்படித்தான் கெடந்தாவ" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை அவளுக்குப் போன் போட்டு, "ஏதோ வேலைன்னு கூப்பிட்டீங்களே, என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"அது அப்பமே முடிஞ்சிட்டு" என்றாள்.

அப்பா அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். அவர் போன அன்று அக்கா வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். அவள் வாசலில் நின்று, ஒருவரைப் பந்தலுக்கு, ஒருவரை நாற்காலிக்கு, ஒருவரைக் காபிக்கு என்று அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழக்கூடத் தெம்பு இல்லை.

அப்பாவின் காரியங்கள் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அவள் வீட்டுக்கே வந்தாள். இந்த முறை சின்ன வேலை என்று சொல்லவில்லை.

"எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கணும்னுட்டாவ. பாளையங்கோட்டையில. ரொம்ப நாளாவே ரத்தம் போகுது, சொல்லல. பத்து நாளைக்குப் பகல்ல மட்டும் நீ வந்து அவியளப் பாத்துக்கிடுதியா? ராத்திரிக்கு ஆளு இருக்கு."

நான் அவளைப் பார்த்தேன். உதடு வெளுத்துப் போயிருந்தது. அவள் செய்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஈரத் தரை ஞாபகம் இருந்தது. ஆனால் இன்னொரு உடம்பைத் திருப்ப வேண்டும், இன்னொரு வாய்க்குக் கஞ்சி ஊட்ட வேண்டும் என்று நினைத்ததுமே என் இரண்டு கைகளும் மரத்துப் போனமாதிரி இருந்தது. இன்னொரு ஆள் படுத்திருக்கிற கட்டில் பக்கத்தில் என்னால் போக முடியாது.

"முடியாதுக்கா" என்றேன்.

"சரி" என்றாள். என் முன்னாலேயே போனை எடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். "எம்மா, எங்க இருக்க?" என்று ஆரம்பித்த அந்தக் குரலில் எந்த மாற்றமும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. பேசிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

அந்தப் பத்து நாளும் அவரை யார் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று பிசியோதெரபி தம்பி பிறகு சொன்னான். காலையில் ஆட்டோக்காரர், மதியம் இவன், சாயங்காலம் சரக்கு இறக்குகிறவர். சாப்பாடு கடைப் பெண்கள் முறை வைத்துக் கொடுத்தார்கள். மகளும் நடுவில் நான்கு நாள் வந்திருந்தாள். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? டைல்ஸ் கடை இருக்கிற ரோட்டைத் தவிர்த்து, ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றிக்கொண்டு போய்வந்தேன். மூன்று வாரம் அவளிடமிருந்து போனே இல்லை. இத்தனை நாள் எந்த அழைப்பைக் கண்டு எரிச்சல் பட்டேனோ, அது வராதா என்று அடிக்கடி போனை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். அவள் என்னை விட்டுவிட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது.

"எம்மா, எங்க இருக்க? ஒரு சின்ன வேலை."

"சொல்லுங்கக்கா."

"குனியக் கூடாதுன்னுட்டாவ. கால் நகம் வளந்து சேலையில மாட்டுது. வந்து வெட்டி விடுதியா?"

"வேற யாரும் இல்லையாக்கா?" என்று ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஏன் இல்ல? ஆட்டோக்காரர்ட்டப் போயி நகம் வெட்டி விடுங்கன்னு கேக்கவா?"

போனேன். அவர் கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தார். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். டைல்ஸ் கடையில் நாள் முழுக்க நின்ற கால். குதிகால் முழுக்க வெடிப்பு. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து வந்து கொஞ்ச நேரம் ஊற வைத்தேன்.

"அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"கட்டை விரல்ல பாத்து வெட்டு. உள்ள வளந்திருக்கு."

"இல்லக்கா, நீங்க எனக்கு எவ்வளவு..."

"ஏட்டி, நீ வாரேன்னு சொல்லிருந்தா ரெண்டாவது நாளே இங்கன மயங்கி விழுந்திருப்ப. உன் மூஞ்சியப் பாத்தேன்லா. பெறவு உனக்கு ஒரு ஆளு தேடணும்."

கட்டிலிலிருந்து அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பத்து நகத்தையும் வெட்டி முடித்து, ஓரங்களைத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவினேன். சிதறின நகத்தைக் காகிதத்தில் கூட்டி எடுத்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கட்டில் காலில் முதுகைச் சாய்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டிவியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. எந்தக் கட்டிலிலிருந்தும் எனக்காக ஒரு முனகல் வரவில்லை. கண் சொருகிக்கொண்டு போனது.

அடுத்த வருஷம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூருக்கு மகளோடு போய்விட்டார்கள். அங்கே யார் யாரை என்னென்ன கேட்டுக்கொண்டிருக்கிறாளோ. எனக்கு அவளை நினைத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன்; அவள் போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வேண்டாம், செத்த நேரம் கழிச்சு வாங்க அண்ணாச்சி. வந்தாலும் வாசல்ல ஹாரன் அடிச்சிராதீங்க. இங்கன ஒரு பிள்ளை அசந்து தூங்குது."

நான் கண்ணைத் திறக்கவில்லை.